படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது விலங்கியல். பார்ப்பது மருத்துவக் கோடிங். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. சில வருடங்களாகப் புதிதாக வருகிறவர்களை நேர்காணல் செய்வதும் என் பொறுப்பில் சேர்ந்துவிட்டது. எதிரே வந்து உட்காருகிறவர்களில் பலர், நான் கேட்பதற்கு முன்பே, "படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைதான்..." என்று தலையைக் குனிந்தபடி ஆரம்பிக்கிறார்கள். ஏதோ தப்பு செய்துவிட்டு வந்தவர்கள் போல. அந்தக் கூச்சம் அவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

படித்த படிப்புக்கு ஏற்ற வேலையில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் ஜேசன் ஏபெல், ரிச்சர்ட் டைட்ஸ் இருவரும் 2010ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பு விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். பட்டதாரிகளில் 62 சதவீதம் பேர், பட்டம் தேவைப்படும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். ஆனால் தங்கள் முதன்மைப் பாடத்தோடு நேராகப் பொருந்தும் வேலையில் இருந்தவர்கள் 27 சதவீதம்தான்.

இன்னொரு ஆய்வு, ஜான் ராப்ஸ்ட் என்பவர் 2007இல் வெளியிட்டது. அதுவும் அமெரிக்காவைப் பற்றியதுதான். அதில், தங்கள் வேலைக்கும் படிப்புக்கும் ஓரளவுதான் சம்பந்தம் உண்டு அல்லது சம்பந்தமே இல்லை என்று சொன்னவர்கள் 45 சதவீதம். அப்படியென்றால் மீதி 55 சதவீதம் பேர் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 31 நாடுகளிலும் பகுதிகளிலும் 2023இல் நடத்திய வயதுவந்தோர் திறன் ஆய்வில், படித்த துறைக்கு வெளியே வேலை பார்ப்பவர்கள் ஏறக்குறைய 38 சதவீதம். பார்க்கும் வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் படித்தவர்கள் ஏறக்குறைய 23 சதவீதம்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்று உறுதி. துறை மாறியவர் தனி ஆள் இல்லை, பெருங்கூட்டம்.

ஒரே விஷயத்துக்கு ஓர் ஆய்வு 27 என்கிறது, இன்னொன்று 55 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். அளக்கும் கோல்தான் வேறு.

ஆளிடமே கேட்பது ஒரு வழி. ராப்ஸ்ட் பயன்படுத்தியது அப்படித் திரட்டிய விவரங்களை. வேலைப் பெயர்களையும் பாடப் பெயர்களையும் நிபுணர்கள் முன்கூட்டியே ஜோடி சேர்த்து வைத்த பட்டியலோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. ஏபெலும் டைட்ஸும் செய்தது அது. மூன்றாவதாக, அந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என்ன படித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்படிப் படிக்காதவர்களைப் பொருந்தாதவர்கள் என்று வைப்பதும் உண்டு. பட்டியலுக்குப் பெயர்தான் தெரியும். நாள் முழுக்க உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என் கதையையே எடுத்துக்கொள்வோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2008இல் கொண்டுவந்த தொழில் வகைப்பாட்டில் உலகத்து வேலைகளையெல்லாம் 10 பெரும் பிரிவுகளிலும் 436 சிறு பிரிவுகளிலும் அடுக்கியிருக்கிறார்கள். என் வேலை 3252 என்ற எண்ணில் வருகிறது. மருத்துவப் பதிவேடு, உடல்நலத் தகவல் சார்ந்த தொழில்நுட்பப் பணியாளர்கள். முதல் இலக்கம் 3 என்பதால் திறன் நிலையும் மூன்று. பட்டதாரிகளுக்கு உரியதாக அவர்கள் வைத்திருப்பது நான்காம் நிலை. ஆக, அந்தக் கோலால் அளந்தால் நான் அறிவியல் படித்துவிட்டு உடல்நலத் துறைக்கு வந்தவன். போதாததற்கு, தேவைக்கு மேல் படித்தவன். இரண்டு பக்கமும் பொருத்தமில்லை.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் வழுக்கி, விரித்த கையை ஊன்றி விழுந்த ஒருவர். எக்ஸ்ரேயில் 'டிஸ்டல் ரேடியஸ்' முறிவு. உலகச் சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் இதற்கு எஸ்52.5. வழுக்கி விழுந்ததற்குத் தனியாக டபிள்யூ01. 'டிஸ்டல்' என்றால் உடலின் நடுப்பகுதியிலிருந்து தள்ளியிருக்கும் முனை, அதாவது மணிக்கட்டுப் பக்கம். ரேடியஸ் என்பது முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் இருப்பது. இதையெல்லாம் எனக்கு யாரும் இந்த வேலைக்கென்று சொல்லித்தரவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் தவளையின் எலும்பை வரையும்போது, அதற்கு முன்கை எலும்பு இரண்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, நமக்கு ஏன் தனித்தனியாக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டது. எந்த எலும்பு, எந்த முனை என்பதில் தப்பினால் குறியீடு மாறிவிடும். குறியீடு மாறினால் நோயாளியின் காப்பீட்டுப் பணம் நின்றுவிடும்.

என்னிடம் கேட்டால் நெருங்கிய சம்பந்தம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் 'பொருந்தாத வேலை' என்று எதைத்தான் சொல்வது?

இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறோம். அதனால்தான் இவ்வளவு குழப்பம். எனக்குப் புரிந்த பெயரில் சொல்கிறேன்: ஒன்று பாடம் மாறுவது, இன்னொன்று படி இறங்குவது.

பாடம் மாறுவது என்றால், இயற்பியல் படித்தவர் வங்கியில் கடன் அபாயத்தைக் கணக்கிடுவது. இலக்கியம் படித்தவர் மனிதவளப் பிரிவில் இருப்பது. பட்டம் அங்கேயும் தேவைதான். ஆனால் வேறு பட்டம்.

படி இறங்குவது என்றால், பட்டமே தேவைப்படாத வேலையில் பட்டதாரி மாட்டிக்கொள்வது. பொறியியல் முடித்துவிட்டு கிடங்கில் பெட்டி எண்ணுவது போல. அந்த வேலையில் இழுக்கு எதுவும் இல்லை. நேர்மையான உழைப்பு. நான்கு வருடப் படிப்பும் அதற்கான கடனும் அங்கே பயன்படாமல் கிடக்கின்றன என்பதுதான் பிரச்சினை.

முதலாவதைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

சம்பளத்தில் எது அதிகம் அடிக்கும்?

படி இறங்குவதுதான். பாடம் மாறியதாலும் சம்பளம் குறையலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கியெர்மோ மான்ட் என்பவர் 2015இல் பல நாடுகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, பாடம் மாறியவர்களில் பெரிய இழப்பு யாருக்கு என்றால், கூடவே படியும் இறங்கியவர்களுக்கு. பாடம் மட்டும் மாறி, அதே படியில் நின்றவர்கள் அவ்வளவாக அடிபடவில்லை.

ராப்ஸ்டின் ஆய்வில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கென்றே பயிற்சி தரும் படிப்பைப் படித்தவர்கள் துறை மாறினால் இழப்பு அதிகம். பொதுத்திறன் தரும் படிப்புகளைப் படித்தவர்களுக்குக் குறைவு. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். செவிலியர் ஒருவர் விளம்பர நிறுவனத்துக்குப் போனால் ஊசி போடும் கை அங்கே சும்மா இருக்கும். தத்துவம் படித்தவர் எங்கே போனாலும் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் பழக்கம் கூடவே போகும்.

விரும்பி மாறியவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா?

சேர்க்கிறார்கள். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. அமெரிக்காவில் பட்டதாரிகளிடம் நடத்தும் தேசிய ஆய்வில், துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் காரணமும் கேட்கிறார்கள். சம்பளம், பதவி உயர்வு, வேலைச் சூழல், இருக்கும் இடம், ஆர்வம் மாறிப்போனது, குடும்பம், துறையில் வேலை கிடைக்காதது என்று பட்டியல் போகிறது. வேலை கிடைக்காதது அதில் ஒன்று மட்டும்தான்.

பாலம் கட்டிய பொறியாளர் பத்து வருடத்தில் ஐம்பது பேரை மேய்க்கும் மேலாளர் ஆகிறார். காலையிலிருந்து மாலைவரை கூட்டம், பட்ஜெட், விடுப்பு அனுமதி. படித்த பாடம் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் அதைத் தோல்வி என்று யார் சொல்வார்கள்?

எந்தப் பாடம் படித்தவர்கள் பெரும்பாலும் அதே துறையில் நிற்கிறார்கள்?

உரிமம் இருக்கும் துறைகளில். மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை, பல் மருத்துவம், பள்ளி ஆசிரியர் பயிற்சி. வெளியாள் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவருக்கும் வெளியே போக மனம் வராது. மறுகோடியில் வரலாறு, இயற்பியல், உயிரியல், உளவியல், அரசியல் அறிவியல். இவற்றின் பெயரில் நேரடி வேலைகள் கொஞ்சம், அதுவும் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பவை.

கணினி, பொறியியல் படித்தால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்களே?

ஆரம்பத்தில் உண்மை. டேவிட் டெமிங், கடீம் நோரே இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணினி, பொறியியல் போன்ற பயன்பாட்டுத் துறைகளில் படித்தவர்களுக்கு வேலையில் சேரும்போது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் சம்பளம், முதல் பத்து வருடங்களுக்குள் பாதிக்கும் மேல் கரைந்துவிடுகிறது. காரணம், அந்தத் துறைகளில் தேவைப்படும் திறன்கள் வேகமாக மாறுகின்றன. கல்லூரியில் கற்ற மென்பொருள் மொழி பழசாகிவிடும், புதிதாக வரும் பட்டதாரி புதிய கருவியோடு வருவார்.

இதைக் கேட்டு அந்தப் படிப்பை விட்டுவிடாதீர்கள். பத்தாவது வருடத்திலும் அவர்கள் மோசமாக இல்லை. பட்டம் வாங்கிய கையோடு படிப்பு முடிந்தது என்று உட்கார முடியாது, அவ்வளவுதான்.

முதல் வேலையே பட்டம் தேவைப்படாத வேலையாகிவிட்டது. இனி மேலே வர முடியாதா?

வர முடியும். ஆனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் ஸ்ட்ராடா நிறுவனமும் சேர்ந்து 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பட்டம் முடித்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 52 சதவீதம் பேர் பட்டம் தேவைப்படாத வேலையில் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து அது 45. பெரிதாக இறங்கவில்லை. இன்னும் உறுத்தும் கணக்கு ஒன்று: அப்படிக் கீழ்ப்படியில் தொடங்கியவர்களில் 73 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருந்தார்கள்.

முதல் வேலை ஒட்டிக்கொள்கிறது. ஏன்? அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயில் கண்ணில் படுவது பட்டம் இல்லை, கடைசியாகப் பார்த்த வேலை. அந்த வேலையின் ஷிஃப்ட் நேரம் நேர்காணலுக்குப் போக விடாது. கூடப் படித்தவர்களோடு தொடர்பு மெல்ல அறுந்துபோகும். "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்" என்று மூன்று வருடம் போய்விடும். எனக்கு இது கேள்வி ஞானம் இல்லை. நான் பட்டம் வாங்கியபின் ஒரு கிடங்கில் சரக்குப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் ஒழுங்காக வந்தது. கணக்குப் பிரிவில் இடம் காலியாகும், உன்னைத்தான் போடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டரை வருடம் காத்திருந்தேன். அந்த இடம் காலியானபோது வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். அன்று ராத்திரிதான் கோடிங் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பினேன்.

அதனால் நான் சொல்வது: கீழ்ப்படி வேலையை எடுக்க வேண்டியிருந்தால் எடுங்கள், பசிக்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் சேரும் அன்றைக்கே வெளியேறும் தேதியையும் குறித்து வையுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது துறைக்கு ஒதுக்குங்கள். அந்த வேலைக்குள்ளேயே பட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பணி ஏதாவது இருந்தால், கேட்காமலே எடுத்துச் செய்யுங்கள். கணக்கு, அறிக்கை, பயிற்சி தருவது என்று எதுவாக இருந்தாலும் சரி. ரெஸ்யூமேயில் எழுத ஒரு வரி கிடைக்கும்.

பொருளாதாரம் சரிந்திருக்கும்போது படிப்பை முடித்தவர்கள்?

அவர்கள்மேல் தப்பே இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஓரியோபௌலோஸ், வான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, மந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களின் தொடக்க வருமானம் 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருடத்தில் மறைந்தது. எழுந்து வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் முக்கியம்: முதல் நிறுவனத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்காமல், நல்ல நிறுவனத்துக்கு மாறினார்கள்.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

இல்லை. ஜெர்மனியில் தொழிற்கூடமும் பள்ளியும் சேர்ந்த இரட்டைப் பயிற்சி முறை வேரூன்றியிருக்கிறது. கற்ற தொழிலுக்கும் வேலைக்கும் பிணைப்பு இறுக்கம். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் அந்த வருடம் முடிக்கும் மாணவர்களை மொத்தமாக எடுத்து, தாங்களே பயிற்சி கொடுத்துக்கொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. கலைப் பிரிவு மாணவர்களிடம் என்ன பாடம் என்று அவ்வளவாகத் துருவுவதில்லை. பிரிட்டனில் வேறு பாடம் படித்தவரும் மாற்றுப் படிப்பு முடித்து வழக்கறிஞர் ஆகலாம். அமெரிக்காவில் சட்டக் கல்லூரிக்குள் நுழைய எந்தப் பட்டமும் போதும்.

பல்கலைக்கழகம் வேலைக்காக ஏற்பட்டது இல்லையே, அறிவுக்காகத்தானே?

பாதி உண்மை. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமான போலோனா தொடங்கிய ஆண்டு 1088 என்று கொண்டாடுகிறார்கள். அங்கே பேர் பெற்ற பாடம் சட்டம். இடைக்காலத்தில் மேல்நிலைப் படிப்புகள் என்றால் சட்டம், மருத்துவம், இறையியல். மூன்றும் பிழைப்புக்கு வழி காட்டியவை. வேலையை நினைத்துப் படிக்கிறவர்களைக் கொச்சைப்படுத்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை வேலையைப் பற்றித்தான் கேட்கும்.

பாடம் பயன்படவே இல்லையென்றால் பட்டம் எதற்கு? சம்பளம் ஏன் கூடுகிறது?

பொருளாதாரத்தில் இதற்கு இரண்டு பழைய பதில்கள் உண்டு. 1992இல் நோபல் பெற்ற கேரி பெக்கர் வழியில் யோசிப்பவர்கள், படிப்பு ஆளின் திறனைக் கூட்டுகிறது, அதற்குத்தான் கூலி என்பார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறு கோணத்தைக் காட்டினார்: ஒருவர் எவ்வளவு திறமைசாலி என்று முதலாளிக்கு முன்கூட்டித் தெரியாது. கஷ்டமான படிப்பை முடித்து வந்ததே ஓர் அறிகுறி. அந்த அறிகுறிக்கும் விலை உண்டு. 2001இல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

நேர்காணல் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டும் நடக்கிறது. ரெஸ்யூமேயை எடுக்கும்போது பட்டம் ஓர் அறிகுறி மட்டும்தான். ஆளை வேலையில் வைத்து மூன்று மாதம் ஆனபின், அந்தப் படிப்பு அவருக்குள் என்ன செய்திருக்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

துறை மாறினால் படித்தது வீண்தானே?

சி.வி. ராமன் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு 1907இல் சேர்ந்தது நிதித் துறையில். உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல். பத்து வருடம் கணக்கு வேலை. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் சோதனை. 1917இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் பதவிக்குப் போனார். 1930இல் நோபல். அவருக்குக் கிடைத்த வேலை படிப்புக்குப் பொருந்தவில்லை. படிப்பை அவர் விடவும் இல்லை.

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வேறு திசை. இயற்பியலில் இளங்கலை, 1976இல் இயற்பியலிலேயே முனைவர் பட்டம். அதன்பின் உயிரியல் மாணவராக மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் கட்டமைப்பைக் கண்டதற்காக 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். இயற்பியல் படித்தார், உயிரியல் செய்தார், வேதியியலில் பரிசு வாங்கினார். எந்தப் பெட்டியில் போடுவது?

நோபல் எல்லோருக்கும் வராது, தெரியும். பாடத்தின் பெயர் மாறினாலும் பயிற்சி கூடவே வரும் என்பதற்காகச் சொன்னேன்.

நேர்காணலில் "ஏன் துறை மாறினீர்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது?

மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பிக்காதீர்கள். செய்து காட்டுங்கள்.

வரலாறு படித்த ஒரு பையன் எங்களிடம் பயிற்சியாளர் வேலைக்கு வந்தான். உயிரியல் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூட இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே தேர்வு: மூன்று பக்க மாதிரிப் பதிவேடு, அதற்குச் சுருக்கம் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் இடது கை முறிவு, மூன்றாம் பக்கத்தில் வலது கைக்குக் கட்டு என்று வேண்டுமென்றே வைத்திருந்தோம். மருத்துவச் சொற்களில் மற்றவர்கள் அவனைவிடப் பல படி மேலே. ஆனால் அந்த முரணைப் பிடித்தவன் அவன் ஒருவன்தான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "சார், எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் இதை யார் எழுதினாங்க, எப்ப எழுதினாங்க, இன்னொண்ணோட ஒத்துப்போகுதான்னு பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க" என்றான்.

எலும்புகளின் பெயரை இரண்டு மாதத்தில் கற்றுக்கொடுத்தோம். ஆவணத்தைச் சந்தேகப்படும் கண்ணை இரண்டு மாதத்தில் எங்களால் கொடுத்திருக்க முடியாது.

உங்கள் பாடம் உங்களுக்கு எதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்று யோசித்து, அதற்கு ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்" என்பதையெல்லாம் நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறோம்.

இன்னும் கல்லூரியில் சேரவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் உரிமம் உள்ள தொழில் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். மருத்துவராக வேண்டுமென்றால் வேறு வழியில்லை, அந்தப் படிப்புதான். அப்படி இல்லையென்றால் உங்களுக்கு இடம் விசாலம். பிடித்த பாடத்தை எடுக்கலாம். கூடவே எங்கேயும் செல்லும் ஒரு திறனைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: புள்ளியியல், தெளிவாக எழுதுவது, நிரல் எழுதுவது, இன்னொரு மொழி.

கல்லூரியிடம் வேலைவாய்ப்பு சதவீதத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். என்ன வேலை, பட்டம் தேவைப்படும் வேலையா, மூன்று வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் பதில்தான். முன்னாள் மாணவர்கள் ஐந்து பேரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுவது விளம்பரத் தாளைவிட நூறு மடங்கு மேல். அப்புறம், படிக்கும்போதே இன்டர்ன்ஷிப். முதல் வேலை கீழ்ப்படியில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நான் பார்த்தவரை அதுதான் நல்ல வழி.

துறைக்குத் திரும்ப மறுபடி முதுகலை படிக்கலாமா?

நீங்கள் போக விரும்பும் வேலைக்கு அது கட்டாயம் என்றால் படியுங்கள். வேலை கிடைக்காத நாட்களைத் தள்ளுவதற்காக என்றால் வேண்டாம். நீங்கள் விரும்பும் வேலையின் அறிவிப்புகள் இருபதை எடுத்து வைத்து, எத்தனையில் முதுகலை கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல சமயம் சான்றிதழ்ப் படிப்பும் செய்துகாட்ட ஒரு வேலையுமே போதுமானதாக இருக்கும்.

"இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்" என்று வீட்டில் கேட்கிறார்களே?

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். விலங்கியல் படித்தவன் விரிவுரையாளர் ஆவான் என்று அம்மா எதிர்பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏதோ எண் தட்டுகிறான் என்பதுதான் என் வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது. விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தபின் அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியையே எடுத்து முன்னால் வைத்தேன். ஓரத்தில் எச்25 என்று இருந்தது. "இது வயசானதால வர்ற கண்புரைன்னு அர்த்தம். உன்னை மாதிரி எத்தனை பேருக்கு வருதுன்னு எண்றதுக்கும், இன்ஷூரன்ஸ் பணம் வர்றதுக்கும் இந்த எழுத்துதான். இதைப் போடறதுதான் என் வேலை" என்றேன்.

"மாத்திப் போட்டுட்டா?" என்று கேட்டார்.

"பணம் வராது. அடுத்த தடவை வேற டாக்டர் பார்த்தா உனக்கு இல்லாத நோயை இருக்குன்னு நினைப்பார்."

கண்ணில் கட்டோடு அந்தத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், என் பட்டச் சான்றிதழ் இருக்கும் உறையைத் தேடி எடுத்து, அதற்குள்ளேயே இதையும் மடித்து வைத்தார்.